பசை காயவில்லை

மணலியில் எனக்கு வேலை, குழாய்களுக்குள் பார்ப்பது.
சுண்டுவிரல் தடிமன் கேமராவை நுழைத்து
வெல்டிங் தையலில் முடியளவு கீறல் உண்டா என்று
பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறேன்.
வெளியே பெயிண்ட் பளபளக்கும்.
உள்ளே எவன் வரப்போகிறான் என்ற தைரியத்தில்
ஆட்கள் விட்டுப்போனதெல்லாம் கிடக்கும்:
கசடு, பாதி எரிந்த ராடு,
ஒருமுறை ஒரு முழு பீடிக்கட்டு.

ஜப்பானிலிருந்து கிடார் வந்த அன்று
நான் சுருதி சேர்க்கவில்லை.
கேமராவைத்தான் எடுத்தேன்.

ஒலித்துளை வழியே வெளிச்சம் இறங்கியது.
குறுக்கும் நெடுக்குமாய் மெல்லிய விட்டங்கள்,
ஒவ்வொன்றின் நுனியும்
நகம் வெட்டிய பிள்ளை விரல்போல் மழுங்கி.
ஒரு சொட்டுப் பசை வழியவில்லை.
ஒரு சிலாம்பு நீட்டிக்கொண்டிருக்கவில்லை.
பின்பலகை ஈட்டி மரம். நம்ம மலையில் நின்றதாம்,
இதே துறைமுகத்தில் கப்பலேறிப் போனதாம்,
விற்றவன் சொன்னான்.
இருக்கலாம். விலைக்குத் தக்க கதை வேண்டுமே.

வருடத்துக்குப் பதினாலுதான் செய்வானாம் அந்த ஆள்.
யார் பார்ப்பார்கள் என்று இவ்வளவு இழைத்தான்?
முதன்முறையாக
என் ரிப்போர்ட்டில் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.
கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அப்புறம்தான் பார்த்தேன்.
மேல்பலகையின் அடியில், கழுத்து சேரும் மூலையில்
பென்சிலால் ஒரு வரி.
போனைக் காட்டினேன். அது சுற்றிச் சுற்றி யோசித்துச் சொன்னது:
மழை. பசை காயவில்லை. நாளை.

எனக்குத் தெரிந்தது மூன்று கார்டு.
மூன்றாவது இன்னும் விரலைக் கடிக்கிறது.
ஆனாலும் தடித்த கம்பியைச் சும்மா தட்டினால்
எண்ணூர் ரோட்டில் ஒரு டிரெய்லர் போய்
அடுத்தது வரும்வரை
நெஞ்செலும்பில் நிற்கிறது.
தணிகாசலம் வந்து கேட்டுவிட்டு
"இது வாசிக்கிறதா, மூச்சு விடுறதா?" என்றான்.

இங்கே காற்றே பாதி கடல்.
செருப்புப் பெட்டி, மாத்திரை டப்பா, டிவி அட்டைப்பெட்டி
எதில் கிடைத்தாலும் அந்த உப்பு மணிப் பொட்டலங்களைப் பொறுக்கி
அதன் பக்கத்தில் படுக்க வைத்தேன்.
மேபல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவளிடம் "நாலரை" என்றுதான் சொல்லியிருந்தேன்.
"ஆயிரமா! மரப்பெட்டிக்கா!" என்று
பூஜ்யங்களை அவளே நிறுத்திக்கொண்டாள்.
நான் திருத்தவில்லை.
அரியர்ஸ் வந்ததையும் சொல்லவில்லை.

கார்த்திகையில் கொருக்குப்பேட்டைக்குள் தண்ணீர் வந்தது.
முதலில் கணுக்கால். சாமத்தில் முழங்கால்.
மேலே எண்ணெய்ப் படலம், மீன்செதில் போல் மினுங்கி.
மேபல் டார்ச் பிடித்தாள், நான் தூக்கினேன்.
சிலிண்டர் இல்லை. வீட்டுப் பத்திரம் இல்லை.
அவள் தையல் மிஷின் இல்லை.
கருப்புப் பெட்டியைத்தான் முதலில் பரணில் ஏற்றினேன்,
கைக்குழந்தையைப் போல, தலைப்பக்கம் பார்த்து.

வெளிச்சம் பெட்டியில் கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு என் முகத்துக்கு வந்தது.

"நாலரை இன்னா?"

"லட்சம்."

பிரிட்ஜ் ஒருமுறை முனகி, சாய்ந்து, மிதந்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
"மிஷினைத் தூக்கு" என்றாள், அவ்வளவுதான்.

கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தோம்,
நடுவில் தையல் மிஷின்.
மேல்வீட்டுத் தகரத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது.
ரொம்ப நேரம் கழித்துக் கேட்டாள்:
"வாசிக்கவாவது வருமா ஒனக்கு?"

"மழை" என்றேன். "நாளைக்கு."

பேட்டரி மிச்சம் பிடிக்க
டார்ச்சை அணைத்தாள்.